காவிரி டெல்டாவில் பூச்செடிகளுக்கு வேர் உட்பூசணம்: நாற்றங்காலில் தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

உயிர் உரக் கடையில் 'வேம்' (VAM, அதாவது வேர் உட்பூசணம்) என்று கேட்டு ஒரு பையை வாங்கி, அதை மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரமான டி.ஏ.பி.யோடு கலந்து, நட்டு ஒரு மாதமான செண்டுமல்லி வயலில் கையால் வீசிவிட்டு, "போட்டும் பார்த்தாயிற்று, ஒரு மாற்றமும் தெரியவில்லை" என்று சொல்பவர்களைத் தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்தில் நான் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்கள் சொல்வது உண்மை. அப்படிப் போட்டால் ஒரு மாற்றமும் தெரியாது. வேர் உட்பூசணம் ஓர் உரமன்று. செடியின் வேருக்குள் குடியேற வேண்டிய உயிர். அது குடியேற மூன்று நிபந்தனைகள் உண்டு. பூசணம் இளம் வேரைத் தொட வேண்டும். செடிக்கு மணிச்சத்துப் பசி இருக்க வேண்டும். வேர்ப்பகுதியில் நீர் தேங்காமல் காற்று இருக்க வேண்டும். நெல்லுக்காகவே பண்படுத்தப்பட்ட டெல்டா மண்ணில் இம்மூன்றும் தாமாக அமைவதில்லை. அவற்றை எப்படி அமைத்துக்கொள்வது என்பதையே இங்கு வரிசையாக எழுதுகிறேன்.

வேருக்குள் என்ன நடக்கிறது

செடியும் பூசணமும் வேரில் கூடி வாழ்வதற்கு 1885-ஆம் ஆண்டில் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் 'மைக்கோரைசா' என்று பெயர் வைத்தார். பெயர்தான் புதியது, உறவு மிகப் பழையது. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய தாவரப் புதைபடிவங்களிலேயே இந்தப் பூசணத்தின் தடங்கள் கிடைத்துள்ளன. பூச்செடிகளுக்கு நாம் பயன்படுத்துவது இவற்றில் ஒரு பிரிவான வேர் உட்பூசணம். சந்தையில் கிடைக்கும் பைகளில் பெரும்பாலும் 'குளோமஸ்' என்ற பெயரும், அண்மைக் காலமாக 'ரைசோஃபேகஸ்', 'ஃபனலிஃபார்மிஸ்' என்ற பெயர்களும் அச்சிடப்பட்டிருக்கும். வகைப்பாடு மாறியதால் ஒரே பூசணத்துக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. அதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை.

மணிச்சத்து மண்ணில் நகராத சத்து. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறிஞ்சிய பிறகு, அந்த வளையம் வெறுமையாகிவிடும். அடுத்த விரற்கடையில் மணிச்சத்து இருந்தாலும் அது வேரைத் தேடி வராது. பூசணத்தின் இழைகள் மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லியவை. வேர்த்தூவி நுழைய முடியாத மண் இடுக்குகளிலும் புகுந்து, பல சென்டிமீட்டர் தொலைவுவரை பரவி, அங்கிருந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் செடிக்குக் கொண்டுவருகின்றன. வேரின் உள்திசு அணுவறைகளுக்குள் சிறு மரம்போலக் கிளைத்து நிற்கும் அமைப்பில்தான் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. அந்தச் சிறுமரம் சில நாள்களே வாழும்; பிறகு சிதைந்து வேறோர் அணுவறையில் புதிதாக முளைக்கும். கைம்மாறாகச் செடி, இலையில் தயாரிக்கும் உணவில் ஏறத்தாழ 4 முதல் 20 விழுக்காடுவரை பூசணத்துக்குத் தருகிறது. இந்த விலையைச் செடி வீணாகக் கொடுப்பதில்லை. மணிச்சத்துப் பற்றாக்குறையை உணரும்போதுதான் வேர் 'ஸ்ட்ரைகோலாக்டோன்' என்னும் பொருளைக் கசியவிட்டுப் பூசணத்தை அழைக்கிறது. மண்ணில் மணிச்சத்து மிகுந்திருந்தால் அழைப்பு நின்றுவிடும். டி.ஏ.பி.யோடு கலந்து வீசியவருக்குப் பலன் கிடைக்காததன் காரணம் இதுவே.

எந்தப் பூவுக்கு ஆகும், எதற்கு ஆகாது

மல்லிகை, முல்லை, சாமந்தி, செண்டுமல்லி, கனகாம்பரம், சம்பங்கி, ரோஜா ஆகிய அனைத்தும் இந்தப் பூசணத்தை ஏற்கும். கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் கீரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பச் செடிகள் பெரும்பாலும் இந்த உறவை வைத்துக்கொள்வதில்லை. கதம்பத்துக்காக இவற்றைப் பயிரிடுபவர்கள் வேமுக்குச் செலவிட வேண்டாம். கார்னேஷன், கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோசு ஆகியவையும் அப்படியே. ஆர்க்கிட் செடிகளுக்கு வேறு வகைப் பூசணம் தேவை. அவற்றுக்கு இந்தப் பை உதவாது.

முதல் வேலை: மண் பரிசோதனை

பூசணத்தை வாங்குவதற்கு முன்னால் மண்ணைப் பரிசோதிக்க வேண்டும். டெல்டாவில் இது வெறும் சடங்கன்று. குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டுக்காண்டு அடியுரமாக டி.ஏ.பி. போட்டுவந்த வயல்களில் மணிச்சத்து சேர்ந்து கிடப்பது வழக்கம். பரிசோதனை அட்டையில் பயிருக்குக் கிடைக்கும் மணிச்சத்து எக்டருக்கு 11 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு, 11 முதல் 22 வரை நடுத்தரம், 22-க்கு மேல் மிகுதி என்று கொள்வார்கள்.

குறைவாக இருக்கும் மண்ணில்தான் பூசணம் தன் முழு வேலையைச் செய்யும். ஆனாலும் அங்கே மணிச்சத்தை முற்றிலும் நிறுத்தக் கூடாது, ஏனெனில் இல்லாததைப் பூசணத்தால் கொண்டுவர முடியாது. நடுத்தரமாக இருந்தால் பரிந்துரைத்த மணிச்சத்தில் பாதியைப் போடுகிறேன். மிகுதியாக இருந்தால் முதல் ஆண்டு மணிச்சத்து உரத்தைத் தொடுவதே இல்லை. செண்டுமல்லிக்குப் பொதுப் பரிந்துரையில் எக்டருக்கு 90 கிலோ மணிச்சத்து அடியுரமாக வருகிறது. மல்லிகைக்குச் செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு 120 கிராம். மண் அட்டையைப் பார்க்காமல் இந்த அளவுகளை அப்படியே போட்டுவிட்டு வேமையும் போடுவது, ஒரு கையால் கூப்பிட்டு மறு கையால் கதவைச் சாத்துவதாகும். போடுவதானால் டி.ஏ.பி.யைவிட, மெதுவாகக் கரையும் ராக் பாஸ்பேட்டையோ தொழு உரத்தில் ஊட்டமேற்றிய சூப்பர் பாஸ்பேட்டையோ தேர்ந்தெடுக்கலாம். நம் பகுதி மண் பெரும்பாலும் நடுநிலையிலிருந்து காரத்தன்மை நோக்கிச் சாய்ந்திருப்பதால் ராக் பாஸ்பேட் தானாகக் கரைவது கடினம். அதனோடு பாஸ்போபாக்டீரியாவையும் சேர்க்க வேண்டும். பாக்டீரியா கரைத்துக் கொடுப்பதைப் பூசணம் சுமந்து செல்லும். இருவரும் செய்வது வெவ்வேறு வேலைகள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி வேர் உட்பூசணப் பொருளில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 100 உயிருள்ள பெருக்க அலகுகள் (வேரில் குடியேறக்கூடிய வித்து, இழை, வேர்த்துண்டு) இருக்க வேண்டும். பையில் இந்த எண்ணிக்கையும், தயாரித்த தேதியும், காலாவதித் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்கும் மேலாக, கடைக்காரர் அதை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கடையில் நான் வாங்கிய பைகள் சித்திரை மாதம் முழுவதும் தகரக் கூரைக்கு அடியில், யூரியா மூட்டைகளின்மேல் கிடந்தவை. வாங்கி வந்ததும் ஒரு தொட்டியில் அதைக் கலந்து மக்காச்சோளம் விதைத்து, 45 நாள் கழித்து வேரைச் சாயமேற்றிப் பார்த்தேன். ஓர் இழைகூட இல்லை. அந்தப் பருவத்துச் சாமந்தி முழுவதற்கும் அதை நம்பியிருந்தேன் என்பது இன்றும் வருத்தமாக இருக்கிறது. அதன் பிறகு எந்தப் பையையும் இந்தத் தொட்டிச் சோதனை செய்யாமல் நான் பெரிய அளவில் பயன்படுத்துவதில்லை. வெள்ளாமைக்கு இரண்டு மாதம் முன்னதாக வாங்கினால் இதற்கு அவகாசம் கிடைக்கும்.

சொந்தமாகப் பெருக்கிக்கொள்ளும் முறை

வேர் உட்பூசணம் உயிருள்ள வேர் இல்லாமல் பெருகாது. டிரைக்கோடெர்மா என்னும் நன்மைப் பூசணத்தைப்போல வெல்லக் கரைசலிலோ சாணக் குவியலிலோ இதை வளர்க்க முடியாது. அப்படி வளர்த்துத் தருவதாக யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் ஒரு சதுர மீட்டர் குழியில், மக்காச்சோள வேரில், ஒரு விவசாயியே தனக்கு வேண்டியதை உற்பத்தி செய்துகொள்ளலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையையே நான் பின்பற்றுகிறேன்.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி எடுத்து, உள்ளே கருப்பு பாலித்தீன் தாளை விரிக்க வேண்டும். 50 கிலோ வெர்மிகுலைட்டையும் (இலேசான கனிமத் துகள்), நுண்ணுயிர் நீக்கிய 5 கிலோ மண்ணையும் கலந்து 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்ப வேண்டும். மண்ணை நுண்ணுயிர் நீக்க, ஈரப்படுத்திக் கண்ணாடிபோன்ற பாலித்தீன் தாளால் மூடிக் கடும் வெயிலில் சில வாரம் வைக்கலாம்; ஐந்து கிலோதான் என்பதால் பெரிய இட்லிப் பானையில் ஆவி காட்டியும் எடுக்கலாம். தரமான தாய்ப் பூசணம் ஒரு கிலோவை மேற்பரப்பிலிருந்து 2 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் பரப்ப வேண்டும். மக்காச்சோள விதையை 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் 2 நிமிடம் நனைத்து, நன்றாகக் கழுவி, நெருக்கமாக ஊன்ற வேண்டும். விதைக்கும்போது குழிக்கு 2 கிராம் யூரியா, 2 கிராம் சூப்பர் பாஸ்பேட், 1 கிராம் பொட்டாஷ் மட்டும் போதும். 30-ஆம் நாளும் 45-ஆம் நாளும் 10 கிராம் யூரியா தர வேண்டும். சோளம் வெளிறுகிறதே என்று இரக்கப்பட்டு மணிச்சத்தைக் கூட்டிவிடாதீர்கள். அந்தப் பசிதான் பூசணத்தைப் பெருக்குகிறது.

அறுபதாம் நாளில் தண்ணீரை நிறுத்திச் சில நாள் வாட விடுகிறேன்; வாட்டம் காணும்போது பூசணம் வித்துகளை மிகுதியாக உண்டாக்கும். பிறகு தட்டையை அறுத்துக் கறவை மாட்டுக்குப் போட்டுவிட்டு, வேர்களைத் தோண்டி எடுத்து ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, அதே வெர்மிகுலைட்டோடு கலந்து நிழலில் உலர்த்த வேண்டும். இவ்வாறு ஒரு குழியிலிருந்து 55 கிலோ கிடைக்கும். வெர்மிகுலைட் விலை கட்டுப்படியாகாதவர்கள் கழுவிய மணலில் செய்யலாம். ஆனால் மணலின் எடை பல மடங்கு என்பதால், கிராம் கணக்கில் சொல்லப்படும் அளவுகளையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். இல்லையென்றால் செடிக்கு மணல்தான் போய்ச் சேரும்.

இந்தக் குழியைத் தொடங்க நம் பகுதியில் சரியான மாதம் மாசி. அறுவடை முடிந்து மழையும் ஓய்ந்திருக்கும். சித்திரையில் பூசணம் தயாராகிவிடும். ஆனி, ஆடி நடவுக்குக் கையில் இருக்கும். ஐப்பசியில் தொடங்கினால் பாலித்தீன் விரித்த குழி தொட்டியாக மாறித் தண்ணீர் நிற்கும்.

தாய்ப் பூசணத்தை நம் மண்ணிலிருந்தே எடுக்க விரும்புபவர்கள், பல ஆண்டு உழப்படாத வரப்பின் அருகம்புல் வேரையோ வெட்டிவேர்ப் புதரின் வேரையோ மண்ணோடு எடுத்து, மேற்சொன்ன குழியில் இரண்டு சுற்று மக்காச்சோளத்தில் பெருக்கலாம். உள்ளூர்ப் பூசணம் உள்ளூர் வெயிலையும் ஈரத்தையும் பழகியிருக்கும் என்பது இதன் சிறப்பு. ஒரே எச்சரிக்கை: மல்லிகைத் தோட்டத்து மண்ணை எடுத்து மல்லிகைக்கே பெருக்கக் கூடாது. நூற்புழுவும் வாடல் நோயும் அதே மண்ணில் கூடவே வந்து சேரும்.

நாற்றங்கால்: இங்கே செய்தால்தான் கட்டுப்படியாகும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். செண்டுமல்லியை 45 சென்டிமீட்டருக்கு 35 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 25,700 செடி வரும். நடவு வயலில் செடிக்கு 20 கிராம் என்ற பரிந்துரைப்படி பூசணம் வைத்தால் 514 கிலோ வேண்டும். எந்த விவசாயியாலும் அது முடியாது. அதே செடிகளை 98 குழி கொண்ட குழித்தட்டுகளில் வளர்த்தால் 263 தட்டுகள் ஆகும். குழி ஒன்றுக்கு அரை கிராம் வீதம் தட்டுக்கு 50 கிராம் என்று வைத்தால் மொத்தம் 13 கிலோதான். முளைத்த முதல் வேரே பூசணத்தைத் தொட்டுவிடுவதால், 25 முதல் 30 நாளில் பிடுங்கி நடும்போது ஒவ்வொரு நாற்றும் தன் பூசணத்தைத் தானே வயலுக்குச் சுமந்து செல்கிறது.

செய்முறை எளிது. மக்கிய தென்னை நார்க்கழிவைக் குழியில் பாதி நிரப்பி, அரை கிராம் பூசணத்தைத் தூவி, மேலே மீதியை நிரப்பி விதைக்க வேண்டும். மொத்தமாகக் கலந்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: கலக்கலாம், ஆனால் வேர் இறங்கும் வழியில் ஒரு படலமாக வைத்தால் குறைந்த அளவே போதும். நார்க்கழிவு மக்காததாக இருந்தால் துவர்ப்புப் பொருளால் வேரே கருகும். கையில் பிழிந்தால் வடியும் நீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தால் அது ஆகாது. நார்க்கழிவோடு கால் பங்கு மண்புழு உரம் சேர்த்தால் போதுமானது. அதற்கு மேல் சேர்த்தால் மணிச்சத்து மிகுந்துவிடும். நாற்றுகளுக்கு 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள உரம்) கரைசல் தெளிக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். தழைச்சத்து போதவில்லை எனத் தோன்றினால் மிக இலேசான யூரியாக் கரைசல் தெளிக்கலாம்.

குழித்தட்டு இல்லாமல் மேட்டுப்பாத்தியில் நாற்று விடுபவர்கள் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் வீதம், விதைக்கும் வரிசையின் அடியில் 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் இட வேண்டும். மேலே தூவிவிட்டால் போதாது. இதன் வித்துகள் நீரோடு பெரிதாக நகர்வதில்லை. வைத்த இடத்திலேயே இருந்து, வேர் வரும்வரை காத்திருக்கும்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே திருத்திவிட வேண்டும். தட்டின் மேல் வெண்பஞ்சுபோலப் படர்வதைக் காட்டி, "வேம் நன்றாகப் பிடித்திருக்கிறது" என்று பலர் மகிழ்வார்கள். அது நார்க்கழிவை மக்கவைக்கும் வேறு பூசணம். வேர் உட்பூசணம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் ஓர் அறிகுறி உண்டு: பூசணம் பிடித்த நாற்றைக் குழியிலிருந்து இழுத்து இலேசாக உதறினால், கலவை பொலபொலவென்று கொட்டாமல், நுண்வேர்களில் மணல்போல ஒட்டிக்கொண்டிருக்கும். விரல்களால் உருவினாலும் முழுதாக விடாது.

ஒவ்வொரு பூவுக்கும் நடவு முறை

சாமந்தியை நாம் தூர்க்கன்றுகளாகவோ நுனிக் குச்சிகளாகவோ நடுகிறோம். குச்சிகளை வேர்விட வைக்கும் மணல் படுக்கையிலேயே சதுர மீட்டருக்கு 100 கிராம் பூசணம் கலந்துவிடுவது மிகச் சிறந்தது. தாய்ச்செடியிலிருந்து பிரித்த தூர்க்கன்றுகளுக்கு, நீர்த்த அரிசிக் கஞ்சியில் பூசணத்தைக் கரைத்துக் குழம்பாக்கி வேரை முக்கி எடுத்து, உலர்வதற்குள் நட வேண்டும். பூசணம் கஞ்சியில் வேரோடு ஒட்டிக்கொள்ளும். கஞ்சியில் உப்பு இருக்கக் கூடாது. சமையலறையிலிருந்து வாங்கும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கனகாம்பரத்துக்குப் பூசணத்தால் கிடைக்கும் நன்மை மற்றவற்றைவிடக் கூடுதல் என்பது என் கணிப்பு. அது மெதுவாக வளரும் செடி. நாற்றங்காலில் ஏறத்தாழ இரண்டு மாதம் இருக்கும். அவ்வளவு காலமும் பூசணத்துக்குக் குடியேற நேரம் கிடைக்கிறது. மேலும் வேரழுகல் நூற்புழுவும் அதைத் தொடர்ந்து வரும் வாடலும் இந்தச் செடியின் பெரிய பகை. வேரில் முன்பே பூசணம் நிறைந்திருந்தால் பின்னால் வரும் பகைக்கு இடம் குறையும். முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். நூற்புழு ஏற்கெனவே மிகுந்த நிலத்தில் இது மட்டும் போதாது. டெல்லிக் கனகாம்பரத்தைக் குச்சி வைத்து வளர்ப்பவர்கள் பாலித்தீன் பைக்கு 5 முதல் 10 கிராம் வைக்கலாம்.

சம்பங்கிக் கிழங்கை ஊன்றும்போது, கிழங்கின் அடித்தட்டுக்கு நேர் கீழே 5 கிராம் வைக்க வேண்டும். வேர் அங்கிருந்துதான் இறங்கும். கிழங்கை நடுவதற்கு முன் பூசணக்கொல்லியில் நனைக்கும் வழக்கம் உள்ளவர்கள், நனைத்து நன்றாக உலர்த்திய பிறகே நட வேண்டும். ஈரத்தோடு வைத்தால் அடியில் வைத்த பூசணமே முதலில் பலியாகும்.

மல்லிகைக்கு 1.25 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 2,590 குழி வரும். பதியனிலோ பையிலோ முன்பே பூசணம் சேர்க்காத செடியானால், குழி ஒன்றுக்கு 20 கிராம் வீதம் 52 கிலோ வேண்டும். முன்பு சொன்ன ஒரு சதுர மீட்டர்க் குழி தருவது 55 கிலோ. ஒரு ஏக்கர் மல்லிகைக்குத் தேவையானது, வீட்டுக் கொல்லையில் ஒரு கட்டில் அளவுகூட இல்லாத இடத்திலிருந்து கிடைத்துவிடுகிறது. செடி பல ஆண்டு நிற்கும் என்பதால் இந்த ஒருமுறைச் செலவு அத்தனை ஆண்டுக்கும் பயன்படும். வேதாரண்யம் பக்கத்து மணல் பூமியில் முல்லை வைப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். மணலில் சத்தும் நீரும் நிற்பதில்லை. உப்புத்தன்மையும் இலேசாக உண்டு. இந்த இரு நெருக்கடியிலும் பூசணம் பிடித்த செடி தாக்குப்பிடிப்பது கூடுதல்.

ஏற்கெனவே வளர்ந்த மல்லிகைப் புதருக்கும் கொடுக்கலாம். கவாத்து செய்தபின் புதுவேர் விடும் தருணமே அதற்கு ஏற்றது. ஆனால் வழக்கமான கவாத்துக் காலமான நவம்பர் கடைசி வாரம் டெல்டாவில் அடைமழைக் காலம். ஆகவே கவாத்தை அப்போது செய்தாலும், பூசணத்தை மழை ஓய்ந்து மண் பொலபொலப்பான பிறகே வைக்கிறேன். தூரிலிருந்து ஓரடி தள்ளி, ஒரு சாண் ஆழத்தில் நான்கு பக்கமும் துளையிட்டு, நுண்வேர் தென்படும் இடத்தில் புதருக்கு மொத்தம் 50 கிராம் வைத்து மூடுகிறேன்.

நெல் வயலைப் பூ வயலாக்கும்போது

வேர் உட்பூசணத்துக்கு மூச்சு விடக் காற்று வேண்டும். மாதக்கணக்கில் நீர் நின்ற நெல் வயலில் இதன் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருக்கும். பிறகு தரிசாகக் கிடந்தால் இன்னும் குறையும். எனவே சம்பா அறுத்த வயலில் நேரடியாகப் பூச்செடி நடுவதைவிட, நெல் தரிசில் நாம் காலங்காலமாக விதைக்கும் உளுந்தையோ பாசிப்பயறையோ ஒரு போகம் எடுத்துவிட்டு நடுவது நல்லது. பயறு வகைகள் பூசணத்தை விரும்பி ஏற்பவை. மண்ணில் எஞ்சியிருக்கும் கொஞ்சத்தையும் அவை பெருக்கித் தரும். தக்கைப்பூண்டு, சணப்பை, கொளுஞ்சி ஆகிய பசுந்தாள் பயிர்களும் அப்படியே. பயறு அறுத்தபின் ஆழ உழுது புரட்ட வேண்டாம்; வேரோடு பின்னிய இழைவலை அறுந்துபோகும். பார் அமைக்கத் தேவையான அளவுக்கு ஓர் உழவே போதும்.

கொள்ளிடக் கரையோரப் படுகை நிலங்களில் மண் இளகியது. வடிகால் தானாக அமையும். களிமண் பாங்கான உள் வட்டாரங்களில் ஓரடி உயர மேட்டுப்பாத்தியும், சுற்றிலும் வடிகால் வாய்க்காலும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும், பக்கத்து நெல் வயலின் கசிவு நம் பாத்தியின் வேர்மட்டத்துக்கு ஏறும். ஐப்பசி மழையில் மூன்று நாள் தண்ணீர் நின்றால் பூச்செடியின் வேரும் அதனுள் இருக்கும் பூசணமும் சேர்ந்தே திணறும். வடிந்தபின் பாரை இலேசாகக் கிளறிக் காற்று புகவிட்டால் செடி பிழைத்த இடங்களில் பூசணமும் மீளும்.

மருந்து தெளிப்பும் வேரில் ஊற்றுவதும்

இலையில் தெளிக்கும் மருந்தைவிட வேரில் ஊற்றும் மருந்தே ஆபத்தானது. கார்பென்டசிம் என்னும் பூசணக்கொல்லி வேர் வழியே ஊடுருவிச் செடிக்குள் இருக்கும் பூசணத்தையும் அடக்கிவிடும். காப்பர் ஆக்சிகுளோரைடைத் தூரில் ஊற்றுவதையும் தவிர்க்க வேண்டும். நாற்றழுகலுக்குக் காரணமான பித்தியம் உண்மையான பூசண இனத்தைச் சேர்ந்ததன்று. அதைக் குறிவைக்கும் மெட்டலாக்சில் வேர் உட்பூசணத்தைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆனால் கடைகளில் அது பெரும்பாலும் மேன்கோசெப் என்னும் மற்றொரு பூசணக்கொல்லி கலந்தே கிடைப்பதால், பையின் பின்புறத்தைப் படித்து வாங்குங்கள். நாற்றழுகலைத் தடுக்க முதல் வழி தண்ணீரைக் குறைப்பது. கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்னும் நன்மைப் பாக்டீரியா கலந்து விதைப்பது அடுத்த வழி. அதற்கும் வேமுக்கும் பகையில்லை. டிரைக்கோடெர்மாவைப் பொறுத்தவரை, அது மற்றப் பூசணங்களைத் தாக்கி வாழும் இயல்புடையது என்பதால், இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வைப்பதை நான் விரும்புவதில்லை. நாற்றங்காலில் வேம், நடவு வயலின் தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா என்று பிரித்துவிட்டால், வேம் வேருக்குள் பத்திரமாகக் குடியேறிய பிறகே மற்றது வந்து சேரும்.

பிடித்திருக்கிறதா என்று பார்த்தறிதல்

ஒவ்வொரு பருவமும் இரண்டு குழித்தட்டுகளைப் பூசணம் இல்லாமல் வளர்த்து, வயலின் நடுவில் தனி வரிசையாக நட்டு, அதன் முனையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவையுங்கள். வரப்போரத்தில் நடக் கூடாது. அங்கே வெயிலும் ஈரமும் வேறாக இருக்கும். முதல் மொட்டு வந்த நாளையும், முதல் ஐந்து பறிப்பின் எடையையும் இரு வரிசைக்கும் தனித்தனியே எழுதிவையுங்கள். மொட்டு சில நாள் முந்துவதும், தண்ணீர் தள்ளிப்போன நடுப்பகலில் இலை தொங்காமல் நிற்பதும் நல்ல அறிகுறிகள். மணிச்சத்து மிகுந்த நிலத்தில் இரு வரிசைக்கும் வேறுபாடே இருக்காது. அங்கே உங்களுக்குக் கிடைக்கும் ஆதாயம் உரச் செலவு குறைவது மட்டுமே.

வேரையே பார்க்க விரும்புபவர்கள், பக்கத்துப் பள்ளி அல்லது கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியரின் துணையோடு ஒரு பிற்பகலில் பார்த்துவிடலாம். நட்ட 30 முதல் 45 நாளில் செடியின் நுண்வேர்களைக் கழுவி, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து, வேர் நிறமற்றுக் கண்ணாடிபோல ஆகும்வரை சூடாக்க வேண்டும். கரைசல் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே கூடாது. வேரை நன்றாகக் கழுவி, 95 மில்லி வினிகரில் 5 மில்லி கருப்புப் பேனா மை கலந்த சாயத்தில் சில நிமிடம் சூடாக்கி, பிறகு சில துளி வினிகர் விட்ட தண்ணீரில் அலசிவிட வேண்டும். எல்லா மையும் ஏறாது. இரண்டு மூன்று வகைகளை முயன்று பாருங்கள். நுண்ணோக்கியில் நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், வெளிறிய வேரின் நடுவே கருநீல இழைகள் நீளவாக்கில் ஓடும். ஆங்காங்கே முட்டை வடிவச் சேமிப்புப் பைகள் தொங்கும். கூர்ந்து பார்த்தால் அணுவறைகளுக்குள் அந்தச் சிறுமரங்கள் புகைபோல நிற்பது தெரியும். நூறு துண்டுகளில் எத்தனையில் இழை இருக்கிறது என்று எண்ணினால் அதுவே உங்கள் விழுக்காடு. சிவப்புத் துணி கட்டிய வரிசையின் வேரையும் அதே நாளில் சாயமேற்றி எண்ணிப் பாருங்கள். அதிலும் இழைகள் நிறைய இருந்தால், உங்கள் மண்ணிலேயே பூசணம் வளமாக இருக்கிறது என்று பொருள். அடுத்த ஆண்டு பை வாங்கும் செலவை விட்டுவிட்டு, உளுந்தையும் வடிகாலையும் மட்டும் கவனித்தால் போதும்.